கடல் சிவந்துபோன படம்

என் அன்பான அப்பு,

உங்களைப் பார்த்துக்கொள்ள வந்த நாளில், எசமானே என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல் அப்பு என்றேன். நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். இந்தக் கடிதமும் தமிழில்தான். கண்ணை மூடிவிட்ட உங்களுக்கு இனி எந்த மொழியானாலும் ஒன்றுதானே?

நேற்று, லிபெர்த்தா தெருவிலுள்ள உங்கள் வீட்டில், படம் காட்டுகிற உங்கள் மெஷினை ஓட்டினோம். ஓட்டச் சொன்னது உங்கள் மகள், நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற முதலாளியம்மா! உலகமே கறுப்பு வெள்ளையில் படம் பார்த்த காலத்தில் நீங்கள் படத்தில் நிறம் காட்ட ஒரு வழியைக் கண்டுபிடித்தீர்கள். அதற்காகச் சொத்தையும் கரைத்தீர்கள். அந்தக் கோபத்தில் சிஞ்ஞோரா உங்கள் அறைக்குள் காலே வைத்ததில்லை. இப்போது, பழைய பிலிம் தீப்பிடிக்கும் என்று கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் சத்தம் போட, திங்கட்கிழமை அதை அழிக்கக் கொண்டுபோக ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் ஒரு முறை அதில் தன் தாயைப் பார்க்க வேண்டுமாம். தன்னைப் பெற்ற கையோடு இறந்துவிட்டவரை அவர் கறுப்பு வெள்ளைப் போட்டோவில்தானே கண்டிருக்கிறார்.

நீங்கள் செய்வதுபோலவே, தீப்பிடித்தால் அணைக்க மண் வாளியைப் பக்கத்தில் வைத்தேன். மொண்டெல்லோ ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்த என் கணவர் பிலிமை மாட்டினார். சிவப்பும் பச்சையுமான கண்ணாடிச் சக்கரம் சுழன்றது.

கடல் சிவப்பாக வந்தது, அப்பு. கரையில் நின்று சிரித்த உங்கள் மனைவியின் முகம் பச்சை. சட்டையும் பச்சை.

"இதற்காகவா?" என்று கேட்டுவிட்டு சிஞ்ஞோரா எழுந்து போய்விட்டார். எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. மாட்டுகிற விதத்தை யாருக்காவது சொல்லித் தந்தீர்களா?

என் கணவர் தலையைச் சொறிந்தார். "பிலிமில ஒரு கட்டத்துக்குச் சிவப்பு, அடுத்த கட்டத்துக்குப் பச்சை. நான் ஒண்டு தள்ளி மாட்டிப்போட்டன் போல. நிறம் மாறி விழுந்திட்டுது."

"அப்ப திரும்ப மாட்டுங்கோவன்."

"ஓம், மாட்டலாம். பாக்க அவ வரவேணுமே?"

குசினியில் அடுப்பருகே நின்ற சிஞ்ஞோராவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "அம்மாவின் சட்டை என்ன நிறம் என்று அப்பா உன்னிடம் சொன்னார்?" என்றார்.

"சிவப்பு."

"என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நான் நம்பவேயில்லை."

ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி படம் பார்க்க வருகிறாராம். என் கணவர் சொல்வது சரிதானா? விளக்கின் சூட்டை அந்தப் பிலிம் இன்னொரு முறை தாங்குமா?

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சட்டை சிவக்கும்வரை, திங்கட்கிழமை எவர் வந்து தட்டினாலும் நான் கதவு திறக்கமாட்டேன்.

பலெர்மோவிலிருந்து,
உங்கள் பேத்தி ஜெசிந்தா