விரலுக்கும் திரைக்கும் நடுவில்

ஜூன் 11, செவ்வாய்

கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கேட்டது நான். பதில் முழுக்க ஷஹானாவுக்கு.

தெளிவாகத்தான் சொன்னேன். பழைய வீடியோ கேம்களை நின்றுகொண்டே ஆடுகிற பெட்டி, கடைகளில் முன்பு காசு போட்டு ஆடுவோமே, அதை வீட்டிலேயே செய்கிறேன். உள்ளே வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசர் மட்டும் வேகமாக இருக்க வேண்டும். கடைக்காரர் கைலாசம் அண்ணாச்சி காதில் அது எதுவும் விழவில்லை. என் வலது கையைப் பார்த்தார். இரண்டு விரல் மடங்கியே நிற்கிற கையை எல்லோரும் பார்ப்பது போல. பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "டீச்சர், கைக்கு எக்சர்சைஸுக்குத்தானே? பில் போட வச்சிருந்த பழைய மிஷின் ஒண்ணு கெடக்கு. பாய்க்கு அது போதும்" என்றார்.

போதுமா? எனக்கு எது போதும் என்று இவருக்கு யார் சொன்னது? சவூதியில், தம்மாமில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே வேலையில் நசுங்கியது மணிக்கட்டு. மண்டை இல்லையே.

"இப்போதைக்கு இத வச்சுப் பாப்போமே" என்றாள் ஷஹானா. நானும் வாயை மூடிக்கொண்டு தூக்கி வந்தேன். அதுதான் ரொம்ப எரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

தோஹாவிலிருந்து ஷஹானாவின் தம்பி முஃபீத் போன் செய்தான். திரைக்கு என்ன வாங்கலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "மச்சான், நான் போன வருசம் வாங்கித் தந்த பெரிய டிவி இருக்குல்லா, அதையே மாட்டிக்கிடுங்க. நீங்க என்ன போட்டியிலயா போய் ஆடப்போறிய?"

தம்மாமில் நாங்கள் தங்கியிருந்த கேம்பில் இருநூறு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாலில் சண்டை கேம் ஆடப் போனால் அதில் என்னை ஜெயித்தவன் ஒருத்தன் கிடையாது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பெருநாள். வந்தவர்களில் ஆறு பேர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் என்ன சந்தை மாடா?

ஜூன் 26, புதன்

பெட்டி போன வாரமே வந்துவிட்டது. இலத்தூர் பேச்சிராஜ் ஆசாரி நான் கொடுத்த அளவில் ஒரு நூல் பிசகாமல் அடித்திருக்கிறார். பொத்தான்கள் என் மூன்று விரலுக்கு எட்டும்படி நெருக்கமாக. "ஏன் இப்படி?" என்று கேட்காத ஒரே மனிதர். வயரிங் எல்லாம் நானே. நாலு நாள் ஆனது.

ஆட நின்றால் — எல்லாம் தாமதம். குதி என்றால் திரையில் இருக்கிறவன் அடி வாங்கிய பிறகு குதிக்கிறான். கைலாசத்துக்குப் போன் செய்தேன்.

"கை அப்படி இருக்குல்லா பாய், அதான் லேட்டாவுது. மிஷின் என்ன செய்யும்?"

போனை வைத்துவிட்டு வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரியோ? கைதானோ?

எழுந்து போய் இடது கையால் அமுக்கிப் பார்த்தேன். அதே தாமதம்! இடது கைக்கு என்ன கேடு?

ஜூலை 3, புதன்

வாயால் சொன்னால் யார் நம்புவார்? போனில் ஸ்லோமோஷன் இருக்கிறது. ஒரு விநாடியை இருநூற்று நாற்பது படமாக உடைத்து எடுக்கும். விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைத்து எடுத்தேன். பிறகு படம் படமாக நகர்த்தி எண்ணினேன். பொத்தான் அமுங்கியதிலிருந்து திரையில் ஆள் அசைகிற வரை முப்பத்தாறு படம். பத்து தடவை எடுத்தேன். கூடக்குறைய அதே எண்.

விநாடியில் ஏழில் ஒரு பங்கு. சண்டை கேமில் அதற்குள் இரண்டு அடி விழுந்துவிடும்.

ஜூலை 6, சனி

குற்றாலத்தில் ஆனந்தவள்ளி அக்கா ஒரு லாட்ஜின் வரவேற்பைப் பார்த்துக்கொள்கிறார். ஏசி ஓடவில்லை, ரிப்பேர் பார்க்கிற ஆள் எதையோ சொல்லி ஏமாற்றுகிறான், வந்து என்னவென்று மட்டும் பார்த்துச் சொல் என்றார். மிஷினையும் பொத்தான் பலகையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அவர் மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் இருப்பது எனக்குத் தெரியும்.

அருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று குளிக்கத் தடை. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் கூட்டம் முழுக்க லாட்ஜ் ஹாலில். ஏசியைப் பார்த்துச் சொல்லிவிட்டு (கண்டென்சரில் குப்பை, வேறொன்றுமில்லை) மானிட்டரில் மாட்டினேன். நான் போனில் படத்தை நகர்த்த, மதுரைக்காரர் ஒருவர் ஏலம் விடுவது போல உரக்க எண்ணினார். இருபதில் நின்றது.

அப்படியானால் பதினாறு படம் டிவி தின்றது. படத்தை அழகாக்குகிறேன் என்று உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது.

தாமதத்தைக் குறைக்க எமுலேட்டரிலேயே, அதாவது பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற புரோகிராமிலேயே, ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் இந்தப் பில் மிஷின் மூச்சு வாங்குகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. நான் முதல் நாளே என்ன கேட்டேன்? வேகமான பிராசசர்!

"எனக்குப் புதுசு வருதுப்பா, இந்த மானிட்டர நீயே எடுத்துட்டுப் போ" என்றார் அக்கா.

ஜூலை 8, திங்கள்

தனியாகப் போனேன். ஷஹானாவைக் கூட்டிப் போகவில்லை. யாரிடம் பேசுவார், பார்க்கலாம்.

வீடியோவைக் காட்டினேன். கைலாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அப்போ டிவின்னு சொல்லுதிய."

"டிவி பாதி. உங்க மிஷின் பாதி."

"கை?"

"பட்டன் அமுங்குன பெறகுதான அண்ணாச்சி எண்ண ஆரம்பிச்சீங்க? அதுல என் கைக்கு என்ன வேலை?"

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

பழையதை வாங்கிக்கொண்டு, ஆபீஸிலிருந்து கழித்த குட்டி மிஷின் ஒன்றை எடுத்தார். நான் கேட்ட பிராசசர். முதல் நாளும் அதே அலமாரியில்தான் இருந்திருக்கிறது! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது. டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. குடித்திருக்கலாம், இஞ்சி வாசனை நன்றாக இருந்தது.

ஜூலை 10, புதன்

புது மிஷின், அக்கா தந்த மானிட்டர். பதினொரு படம்!! விரல் சொன்னதும் ஆள் கேட்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து ஷஹானா வந்ததும் ஆடச் சொன்னேன். ஐந்து ஆட்டம், ஐந்தும் நான்.

ஜூலை 14, ஞாயிறு

தினமும் ஜெயிக்கிறேன். முஃபீதுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சூப்பர் மச்சான்" என்றான். சொல்லட்டும்.

ஜூலை 20, சனி



இரண்டாவது ஆள் பக்கத்துப் பொத்தான்களையும் அளந்துவிடலாம் என்று என்னோடு ஷஹானா ஆடும்போது போனைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அளவுதானே. பிறகு எண்ண உட்கார்ந்தேன்.

நான் அடிக்க வருகிறேன். அவள் விரல் தடுக்கிற பொத்தானுக்கு நேர் மேலே, சரியான நேரத்தில், போய் நிற்கிறது. அமுக்கவில்லை. தெரியாமல் நிற்கிற விரல் அல்ல அது. தெரிந்தே நிற்கிறது. அப்படியே என் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். என் அடி விழுகிறது. அதன் பிறகு விரலை எடுக்கிறாள்.

ஒரு தடவை இல்லை. ஏழு தடவை.

நீயுமா? கைலாசம் வெளி ஆளு, போகட்டும். முஃபீது சின்னப்பய, போகட்டும். நீ எப்படிட்டீ செய்யலாம்?

கேட்டேவிட்டேன். முதலில் இல்லை என்றாள். வீடியோவைக் காட்டினேன். அழவில்லை. பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. மொத ஆட்டம் ஜெயிச்ச அன்னைக்குத்தான் சிரிச்சிய. எனக்கு அது போதும்னு தோணுச்சு."

"போதுமா? உனக்கும் போதுமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜூலை 22, திங்கள்

பேச்சு இல்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது. சாப்பிடுகிறேன்.

ஜூலை 25, வியாழன்

அஸர் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், வாசலிலேயே பொத்தான் தட்டுகிற சத்தம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷஹானா தனியாக மிஷினோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. கணக்கு டீச்சர், எதையும் பாதியில் விட மாட்டாள். செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் அவளே கூப்பிட்டாள். "வாரீங்களா?"

ஐந்து ஆட்டம். நாலில் தோற்றேன். சும்மா தோற்கவில்லை, மூலையில் ஒதுக்கி வைத்து அடித்தாள். என்னென்னவோ அடியெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஜெயித்த ஒரு ஆட்டமும் நூலிழை.

கடைசி ஆட்டம் முடிந்ததும், "விரல் மரத்துப்போச்சு, அதான்" என்றேன்.

"கைமேல பழியப் போடாதீங்க" என்றாள். "குனிஞ்சு தடுக்கணும், நீங்க குதிச்சீங்க. அவ்வளவுதான்."

உண்மைதான், குதித்திருக்கக் கூடாது. கோபமே வரவில்லை. இன்னொரு ஆட்டம் கேட்டேன்.