மக்டலீனுக்குப் பெயர் இருந்தது

5 ஏப்ரல் 1997, சனி

பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து பெரியத்தான் யேசுரட்ணம் வந்தார். என் மனுசன் வின்சன்ற் செத்த பிறகு, அவருடைய தமையன் என்ற முறையில் மகள் நதீஷாவின் கலியாணத்தை இவர்தான் முன்னின்று நடத்துகிறார். நன்றியில்லாமல் இல்லை. ஆனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னாரே ஒரு கதை!

“பிள்ளை கோயிலுக்கு வெளிக்கிடேக்குள்ள நீர் அறைக்குள்ள நில்லும், பேர்ணடெற். சகுனம் எண்டு ஒண்டு இருக்குத்தானே.”

ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் தவறாத மனுசன்! நான் பெத்த பிள்ளைக்கு நானோ தடை? வாயைத் திறக்காமல் கோப்பையைக் கழுவினேன். இப்போது என்மேலேயே எரிச்சல்.

போகும்போது ஒரு வேலையும் தந்தார். கலியாண மண்டபத்தில் மாட்ட வம்சாவளி கீறுகிறார். அவருடைய பாட்டன் சந்தியாப்பிள்ளையின் ஞானஸ்நானத் திகதி வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பங்குக் கோயில் பதிவுகளைப் படச்சுருளில் வைத்திருக்கும் வாசிகசாலை எனக்குத்தானே கிட்ட. அறைக்குள் ஒளிக்கவும் நான், அலையவும் நான்.

12 ஏப்ரல்

கிடைத்தது. 1871. சந்தியாப்பிள்ளையின் தகப்பன் சூசைப்பிள்ளை, தாய் மக்டலீன்.

பெரியத்தான் கீறியதில் அந்தத் தாய்க்கு நேரே என்ன இருக்கிறது? ‘பெயர் தெரியாது.’ இங்கே கொட்டை எழுத்தில் கிடக்கிறது!

26 ஏப்ரல்

வேலை முடிந்ததும் மறுபடி வாசிகசாலைக்குப் போனேன். திகதி கிடைத்துவிட்டது, பிறகேன் போகிறேன்? தெரியாது. அவளை விட மனமில்லை.

1869இல் கலியாணப் பதிவு. பிரெஞ்சுச் சாமியார் லத்தீனில் எழுதியிருக்கிறார். மேசையிலிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு சொல்லை விளக்கினாள்: விதவை. அந்தோனி என்பவரின் விதவை மக்டலீனைத்தான் சூசைப்பிள்ளை கட்டியிருக்கிறார்.

அடக்கப் பதிவைத் தேடினேன். அந்தோனி, 1866, கொலரா. அடுத்த வரியில் அவர்களுடைய குழந்தை, அதே வாரம். மக்டலீனுக்கு அப்போது இருபது வயது இருக்குமா? மூக்கைச் சீற வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்த மூன்று வருசமும் உன்னை எந்த அறைக்குள்ளயடி விட்டவை?

27 ஏப்ரல்

பெரியத்தானுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். திடுக்கிடுவார் என்று நினைத்தேன்.

“அது எனக்குத் தெரியும். ஐயா சொன்னவர். ரெண்டாந்தரம் கட்டினவ எண்டுதான் பெயரை விட்டனான். உதைப் போய் நதீஷாவுக்குச் சொல்லிப்போடாதையும்.”

தெரியுமாம்! தெரிந்துகொண்டு ‘தெரியாது’ என்று எழுதுகிற கை.

“அவ திரும்பக் கட்டாட்டி நீங்களும் இல்லை, வின்சன்றும் இல்லை, நதீஷாவும் இல்லை” என்றேன். போனை வைத்துவிட்டார்.

19 மே, திங்கள்

விக்ரோறியா நாள், அந்தப் பழைய மகாராணியின் பிறந்தநாள். நாற்பது வருசம் கறுப்பு உடுத்த ஒரு விதவைக்காக நாடு முழுக்க லீவு, வாணவேடிக்கை. எனக்கு ஒரு அறை.

கிங் ஸ்றீட்டில் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீட்காரில் தினமும் எத்தனை விதவைகள் ஏறுகிறார்கள்! அது கவிழ்ந்தா போனது?

8 ஜூன்

நதீஷாவிடம் எல்லாம் சொன்னேன்.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? நீங்கள் இல்லாம நான் வெளிக்கிடமாட்டன்.”

“குழப்பம் வேண்டாம் பிள்ளை, நான் அறைக்குள்ளயே நிக்கிறன்” என்றேன்.

சீ. சொன்னது என்ர வாய்தானோ?

14 ஜூன், சனி

கலியாணம் முடிந்தது. கால் வீங்கிவிட்டது. எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையில் வீடு நிறைந்த சனம். யாரும் சொல்லாமலே நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே பெரியத்தானின் குரல்: “சரி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

பத்திக்கொண்டு வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். என் மகளின் நெற்றியில் சிலுவை போட்டேன்.

“ஒரு விதவை திரும்பக் கட்டினதாலதான் நீங்கள் இத்தனை பேரும் இஞ்ச நிக்கிறியள். அவவின்ர பெயர் மக்டலீன்” என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ.

பெரியத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகட்டும், கோபித்துக்கொண்டு அஜக்ஸுக்கே போகட்டும் என்று நினைத்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது லிஃப்ட் கதவைக் கையால் பிடித்தபடி நின்றார். சனம் ஏறப் போனது.

“பொறுங்கோ,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “முதல்ல தாயும் பிள்ளையும்.”