மேற்கு மைதானத்தில் கேட்ட குரல்

தீர்த்தவாரி நாள், காலை 6.10

பதிவு: காதம்பரி, பொறியாளர், விழாக் கூட்டத்துக்குக் கருவிகள் செய்யும் நகரத் தீர்வு முகாம், வடகரைக் கட்டுப்பாட்டு அறை. அடுத்த பெருவிழாவுக்கு இங்கே முகாம் போடப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வானம் தெளிவு. கைப்பட்டைகள் எல்லாம் இணைப்பில். கூட்டத்தில் தொலைந்தவரை அவருடைய சொந்தக்காரரின் குரலிலேயே கூப்பிட்டு வழிகாட்டும் பட்டை இது. பதியும்போது ஒவ்வொருவரும் நாலு வார்த்தை பேசினால் போதும். மீதியை இயந்திரமே பேசும். நானும் சக பொறியாளர் பஷீரும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து செய்தது. சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது.

காலை 9.40

தொலைந்த குழந்தைகள் அத்தனை பேரும் பெற்றோரிடம் சேர்ந்துவிட்டார்கள். கண் எரிகிறது. மற்றபடி குறையில்லை.

காலை 11.25

கிழக்குப் படித்துறையில் நெரிசல். கூட்டத்தை அளக்கும் தரை உணரிகள் சிவப்பு காட்டுகின்றன. ஒலிபெருக்கியை யாரும் மதிக்கவில்லை. வயர்லெஸ்ஸில் காவல் ஆய்வாளர்: "மேடம், பின்னால இருந்து தள்ளிக்கிட்டே வர்றாங்க. இனிமே தாங்காது."

பின்னால் வருகிறவர்களை மேற்கு மைதானத்துக்குத் திருப்பியாக வேண்டும். இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றார் பஷீர். நான் விசையை அழுத்தினேன். ஒவ்வொரு பட்டையிலும் அம்மாவோ மகனோ மனைவியோ பேசினார்கள்: மேற்கு மைதானத்தில் இருக்கிறேன், வா.

பகல் 12.30

திரும்பினார்கள். தெருவே திரும்பியது. படித்துறை காலியாகிவிட்டது.

முன்பே மயங்கி விழுந்தவர்களை மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ஒருவர் பிழைக்கவில்லை. செல்லபாப்பா, அரியலூர்ப் பக்கம். நான் விசையை அழுத்துவதற்கு முன்பே உயிர் போய்விட்டதாம். பஷீர் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மாலை 3.30

குரல்களை நிறுத்திவிட்டேன். மைதானத்தில் மிச்சமிருப்பவர்களைப் பஷீர் அலைந்து அலைந்து அவரவர் குடும்பத்தோடு சேர்க்கிறார். பந்தல்கால் ஓரமாக உட்கார்ந்த ஒரு பெரியவர் மட்டும் எழ மாட்டேன் என்கிறாராம். பெயர் சடையன். செல்லபாப்பாவின் கணவர். நான் போகிறேன்.

மாலை 4.50

எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மனைவி இறந்துவிட்டார், கூப்பிட்டது இயந்திரம், அதை ஏவியது நான் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"இல்லம்மா. 'ஏங்க'ன்னு கூப்பிட்டா. என் காதால கேட்டேன். இங்கதான் வரச் சொன்னா."

பிறகு மணிக்கட்டை நீட்டினார். "இப்போ சத்தமே வரல. இதைக் கொஞ்சம் பாத்துக் குடு."

போலீஸ்காரர் வந்து சொல்லியும் அசையவில்லை. உடலை நகர மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் அவர் வந்து பார்க்கட்டும் என்று கூடாரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

மாலை 5.35

நடந்துகொண்டே போனில் சொல்லிப் பதிகிறேன், எழுத்துப் பிழை இருக்கும். ஒரே ஒரு பட்டையை மறுபடி இயக்கினேன். இடத்தை மட்டும் மாற்றினேன். "ஏங்க, ஆஸ்பத்திரிக் கூடாரத்துல இருக்கேன். வாங்க."

எழுந்துவிட்டார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போகிறார். என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பட்டையைக் காதோடு வைத்து, "வந்துட்டேன் புள்ள" என்கிறார். அது பதில் சொல்கிறது. பதில் சொல்லும்படி நான் ஏவவில்லை. கால் வலிக்குதா, மெதுவா வாங்க என்கிறது. அவர் சிரிக்கிறார்.

கூடாரம் தெரிகிறது. வாசலில் பஷீர் நிற்கிறார். இதை நிறுத்த வேண்டும். உள்ளே போவதற்கு முன்பா, பார்த்த பிறகா, எந்த இடத்தில் நிறுத்துவது?