பதினான்கு பேர் ஏறிய படகு

“டீச்சர், அன்னைக்கி போட்டுல நான் எடுத்த பெரட்டுக் கணக்கு சரிதானே?”

ரஞ்சி இப்படிக் கேட்டது உன் வீட்டு வாசலில், உன்னுடைய முப்பத்தோராம் நாள் காரியத்தில். மழைக்கு மறைப்பாக உன் மகன் அங்கே நீலப் பிளாஸ்டிக் சீட் ஒன்றைக் கட்டியிருந்தான். காற்று புகும்போதெல்லாம் அது உப்பி, படபடவென்று அடித்தது. தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்களே, அதே சீட். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கை கழுவ எழுந்து வந்தேன். அங்கேதான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை நீ மறந்திருக்க மாட்டாய். நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அன்று இடுப்பில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பதினாறு வருஷம் மனதில் வைத்திருந்த கேள்வியை, நீ படமாகிச் சுவரில் ஏறிய பிறகு கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டீ குடிச்சியாம்மா?” என்றேன்.

“குடிச்சேன் டீச்சர்.” அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

கொஞ்சம் தள்ளி உன் மகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். “அம்மாவுக்குத் தண்ணின்னாலே பயங்க. படகுல ஒரு தடவகூட ஏறுனதில்லன்னு சொல்லுவாங்க.”

பெற்ற பிள்ளையிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாய். அதைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உன் படத்துக்கு ஒரு பூ போடாமலே பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள், இரண்டு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் உனக்கு முதல் வரியை எழுதினேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தோம்.

பிள்ளைகளின் முன்னால் நாம் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்போம், ‘நீங்க’ என்போம். பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ‘நீ’யும் ‘புள்ள’யும் தானாக வந்துவிடும். றொசல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்து, ஒரே வருஷம் நியமனம் வாங்கி, ஒரே பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

கொத்மலைச் சுற்றுலாவுக்கு நாம் வாங்கிய அனுமதியில் அணைக்கட்டைப் பார்ப்பது மட்டும்தான் இருந்தது. படகு இல்லை. பஸ்ஸில் போகும்போது, பிள்ளைகளுக்குக் கேட்காமல் காதோடு, நீதான் ஆரம்பித்தாய்.

“மேல நின்னு பார்த்தா போதுமா? நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தராச்சும் படகுல ஏறியிருக்குதுகளா?”

“எனக்குப் பயமா இருக்கு புள்ள. அனுமதியும் இல்ல.”

“அர மணித்தியாலம். யாரு பார்க்கப் போறா? நான் உன் கூடத்தானே இருக்கப் போறேன். உன்னய விட்டுட்டா போயிருவேன்?”

நான் சரி என்றேன். அது என் தவறு. அந்தத் தவறுக்கு என்ன தண்டனை கிடைத்திருந்தாலும் இன்று நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏறுவதற்கு முன் ரஞ்சி பெரட்டு எடுத்தாள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்துப் பேர் எடுப்பார்களே, அதை நம் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டாக ஆரம்பித்தவள் நான். வெளியே எங்கே போனாலும் ரஞ்சிதான் கணக்கப்பிள்ளை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தலையாகப் பார்த்து எண்ணுவாள். டீச்சர்மாரையும் விட மாட்டாள்.

செம்மஞ்சள் நிற மிதவை அங்கிகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளுக்கு முழங்கால்வரை தொங்கின. “அங்கிக்குள்ள தர்ஷனக் காணோம் டீச்சர்! பெரட்டுல ஒண்ணு கொறையுது!” என்று எவளோ கத்த, ரஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. “இருக்கான், நான் பார்த்துட்டேன்,” என்றாள். “புள்ளைங்க பன்னெண்டு, டீச்சர் ரெண்டு, மொத்தம் பதினாலு.”

போகும்போது தண்ணீர் தகடுபோலக் கிடந்தது. அடியில் ஓர் ஊர் மூழ்கியிருக்கிறது என்று நீ சொன்னதும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்ப நாம யாரு வீட்டுக் கூரைக்கு மேல போறோம் டீச்சர்?”

“சத்தம் போடாதீங்கடா, கீழ ஆளுங்க தூங்குறாங்க,” என்றாய். நீ அப்படிப்பட்டவள். உன்னோடு இருக்கும்போது எனக்கும் பயம் போய்விடும்.

திரும்பும்போது மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கியது. தண்ணீர் கறுத்தது. படகு ஒவ்வொரு அலைக்கும் எழும்பி, கல்லில் விழுந்ததுபோல் அடித்தது. இரண்டு பிள்ளைகள் மத்தியானச் சோற்றை வாந்தி எடுத்தார்கள். பிறகு எஞ்சின் நின்றது. படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. அந்த நேரம் பார்த்து மழை சாய்ந்து அடித்தது.

நான் கத்தினேன். “தலைய மூடிக்கங்க!”

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. மழைக்கென்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து அம்மாவின் பிளாஸ்டிக் சீட்டைக் கொண்டுவந்திருந்தது. மழை வந்தால் மலையில் அம்மாமார் என்ன செய்வார்கள்? எழுந்து நிற்பார்கள், காற்றுக்கு முதுகைக் கொடுப்பார்கள், சீட்டைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் வீசிப் போர்த்திக்கொண்டு குந்துவார்கள். கைப்பிள்ளையிலிருந்து பார்த்துப் பழகியது. பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே பக்கம் திரும்பி, பன்னிரண்டு சீட்டை விரித்தார்கள்.

“வாடிவென்ட! வாடிவென்ட!” என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லிப் படகுக்காரர் அலறியது காற்றில் போய்விட்டது. அத்தனை சீட்டும் உப்பின. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை அள்ளியது. தர்ஷன் வெளியே போனான்.

அவன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் விழுந்தான். நான் குனிந்திருந்தால் அங்கியைப் பிடித்திருப்பேன். ஆனால் நீயும் அந்தப் பக்கமாகச் சரிந்தாய். என் இடது கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாய். “விட்டுறாத புள்ள, விட்டுறாத,” என்றாய். பிள்ளைகள் முன்னால் நீ என்னை ‘புள்ள’ என்று கூப்பிட்டது அன்று மட்டும்தான். உன் கண்ணாடி வளையல் உடைந்து என் மணிக்கட்டைக் கிழித்தது. நான் விடவில்லை.

தர்ஷனைப் படகுக்காரர் துடுப்பை நீட்டி இழுத்தார். நிறையத் தண்ணீர் குடித்திருந்தான். எஞ்சின் எப்படியோ பிடித்தது. கரைக்கு வந்ததும் முதல் வேலையாக ரஞ்சி, பல் கிட்ட, வாந்தி காய்ந்த சட்டையோடு பெரட்டு எடுத்தாள். “பதினாலு,” என்றாள். அந்த எண்ணைக் கேட்டுத்தான் நான் அழுதேன். தர்ஷன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வந்தான்.

ஐந்தாம் நாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். அதிபரின் அறையில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மணிக்கட்டில் கட்டு. நான் கையைச் சேலைக்குள் வைத்திருந்தேன். அவர் முதலில் உன்னைத்தான் கேட்டார்.

“படகுல எத்தன டீச்சர் இருந்தீங்க?”

“ஒருத்தர் சேர். நான் கரையில இருந்தேன். வேணாம்னு டீச்சர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், கேக்கல.”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறாய் என்று நினைத்தேன். அடுத்த மாதம் உனக்கு அதிபர் பதவிக்கான நேர்முகம் இருந்தது. அது எனக்கும் தெரியும். அதற்குக் கட்டிக்கொண்டு போகும் சேலையை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே எடுத்தோம்.

அதிகாரி நல்ல மனிதர். ஒரு பிள்ளையையும் கேட்போம் என்றார். ரஞ்சியைக் கூட்டி வந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பெரட்டு பதினாலு சேர். புள்ளைங்க பன்னெண்டு, டீச்சர் ரெண்டு.”

நீ சிரித்தாய். அன்பாகத்தான் சிரித்தாய். “பயந்துபோன புள்ள சேர். கொழம்பிருச்சு.”

“இல்ல சேர், நான் ரெண்டு தரம் எடுத்தேன். ஏறுறப்பவும் எறங்குறப்பவும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?”

நீ என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருத்தியாவது அதிபராகட்டும் என்று நினைத்தேனா, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. “புள்ள கொழம்பியிருக்கலாம் சேர்,” என்றேன்.

ரஞ்சி என்னைத்தான் பார்த்தாள், உன்னை அல்ல.

அறையை விட்டு வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. நீ சொன்னாய்: “நீங்க கவலப்படாதீங்க டீச்சர், பெருசா ஒண்ணும் செய்ய மாட்டாங்க.”

நீங்க! யாரும் இல்லாத இடத்தில் ‘நீங்க’. நீ அறைக்குள் சொன்ன பொய்யைக்கூட நான் ஒரு மாதிரி தாங்கியிருப்பேன். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு நல்லதண்ணிப் பக்கம் இடமாற்றம் வந்தது. இரண்டு பஸ், பிறகு நடை. சிவனொளிபாத மலைக்குச் சனம் போகும் காலத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. நாலு வருஷம் போய் வந்தேன். நீ அதிபரானாய். லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரட்டில் பேர் விழாதவர், அன்று கொழுந்து மலையிலேயே இருந்தாலும் வராதவர்தான். அதனால் யாரும் அதை வெளியே பேசவில்லை, உன் மகன் காதுக்கும் போகவில்லை. உன் பேரை நீயே அழித்துவிட்டாய். அழித்ததை நம்ப வைக்க ஒரு பத்து வயதுப் பிள்ளையின் எண்ணிக்கையைப் பிழையாக்கினாய். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு கல்யாணம், காது குத்து என்று எத்தனை வீட்டில் சந்தித்தோம். “சொகமா இருக்கீங்களா டீச்சர்?” என்பாய். நானும் “சொகந்தாங்க” என்பேன். நீ படுக்கையில் கிடக்கும்போது கூப்பிட்டு அனுப்புவாய் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானாக வந்தபோது மருந்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாய். எழுந்து புறப்படும்போது என் இடது கையைக் கொஞ்ச நேரம் பிடித்தாய். இப்போது சொல்கிறாள் என்று குனிந்தேன். “பஸ்ஸ விட்டுறாதீங்க,” என்றாய்.

நீ அப்படித்தான் மன்னிப்புக் கேட்டாய் என்று ஒரு நல்ல மனசு சொல்லும். எனக்கு அந்த மனசு இன்னும் வரவில்லை. கேட்காத மன்னிப்பை நான் எப்படிக் கொடுப்பது?

இதுவரை எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

கடையில் நல்ல சனம். ரஞ்சி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து எண்ணி உறைக்குள் போட்டாள். திரும்பக் கொட்டி எண்ணினாள். மூன்றாம் தரமும் கொட்டப் போனாள். எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். “மகள், ஒருக்கா எண்ணினாப் போதும். ஆள் குணமாகிப் போயிரும்!”

சனம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு என்னைக் கண்டாள். “வாங்க டீச்சர். சின்னதுல இருந்தே இப்படித்தான். ஒரு தரம் எண்ணுனா நம்பிக்கையே வராது.”

சின்னதிலிருந்து அல்ல. எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியும்.

“ரஞ்சி,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முதலாளி கேட்கட்டும், வரிசையில் நின்றவர்களும் கேட்கட்டும். “அன்னைக்கி நீ எடுத்த பெரட்டு சரி. போட்டுல டீச்சர் ரெண்டு பேர். மொத்தம் பதினாலு. நீ கொழம்பல. நாங்க ரெண்டு பேரும்தான் பொய் சொன்னோம்.”

அவள் கையில் இருந்த உறையை மேசையில் வைத்தாள். பிறகு, “எனக்குத் தெரியும் டீச்சர்,” என்றாள். “ஆனா யாராச்சும் சொல்லணும்ல.”

அடுத்த ஆளுக்கு மாத்திரை எடுத்தாள். பத்து எண்ணினாள். உறையில் போடப் போனவள் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் எண்ணினாள். “இன்னும் கொஞ்சம் நாளாகும் டீச்சர்.”

எனக்கும் ஆகும். மணிக்கட்டில் உன் வளையல் கீறிய கோடு இருக்கிறது. மழைக் குளிரில் அந்த இடம் மட்டும் விறைக்கும். அன்று தர்ஷன் பக்கம் போகாமல் உன்னைப் பிடித்துக்கொண்ட கை அது. திரும்பவும் அப்படி நடந்தால் உன்னைப் பிடிப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பிடிப்பேன் என்றுதான் வருகிறது. எனக்கு அதுதான் ஆத்திரமாக இருக்கிறது, புள்ள.

உன் மகனிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், அவனே படிக்கட்டும். அவனோடு சேர்ந்து வேறு யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டிலோ வகுப்பிலோ ஏதாவது நடந்துவிட்டால், என்ன பார்த்தாய் என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்காதீர்கள்.