மாடசாமியை மாரியாயி ஆக்கமாட்டேன்

கொழும்பிலிருந்து இன்று தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, நான் அனுப்பிய கதைதான், என்னிடமே திரும்பியிருக்கிறது. ஓரத்தில் பத்திரிகை ஆசிரியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "கதை நன்று. மாடசாமியை மாரியாயி ஆக்கித் தந்தால் அடுத்த இதழிலேயே போடலாம்." மாடசாமி, கதையில் நான் உனக்கு வைத்த பெயர். முறுக்கிய மீசையும் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியுமாக ஒரு மாரியாயி! நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நீ மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. சேர்ந்து சிரிக்க ஆளில்லாததால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அறுபதுகளின் கடைசியில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராக வந்து சேர்ந்தேன். அந்த மாசியில் காமன் கூத்தில் ரதியாகப் பெண்வேஷம் கட்ட ஆள் கிடைக்கவில்லை. பழைய ரதிக்குத் தொந்தி விழுந்துவிட்டதாம். மன்மதன் வேஷம் கட்டும் நீதான் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாய். "வாத்தியாரே, ஒங்க மூஞ்சிக்கு அரிதாரமே வேணாங்க. ரதியா நிக்கிறீங்களா?" நின்றேன். லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் கூடி, தப்படித்து, தேங்காய் உடைத்து நமக்குக் கூத்தில் கல்யாணம் பண்ணி வைத்தது. ஒத்திகைக்கென்று என் ஒற்றை அறை வீட்டுக்கு வந்த நீ, கூத்து முடிந்தும் போகவில்லை. "வாத்தியாருக்குச் சோறாக்க ஆளு வேணும்ல" என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவுமில்லை, நாம் சொல்லவுமில்லை.

சந்தோஷமாக இருந்தோம். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும், பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள். நீ சுட்டுத் தந்த ரொட்டி, மழைநாளில் என் காலை உன் மடியில் இழுத்துப் போட்டு அட்டை பிடுங்கியது, எல்லாம் நிஜம். அடித்ததும் நிஜம். கங்காணியான உன் அப்பா, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால் உன்னைக் கன்னத்தில் அறைவார். சாயங்காலம் நான் வைத்த குழம்பில் உப்பு கூடினாலே போதும், அந்த அறை என் கன்னத்துக்கு வந்து சேரும். பிறகு நீயே மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு அழுவாய். "எங்கப்பன் கை எனக்கு வந்துருச்சு. கோவம் வந்தா அதுவா ஓங்குது, நா என்னா செய்ய?" நான் பைத்தியக்காரன், அதையும் நம்பினேன். என் கன்னத்தை விட்டுவிட்டு உன் கைக்காகப் பரிதாபப்பட்டேன்.

நாலாவது மாசியில்தான் உறைத்தது. மன்மதனுக்குக் காப்புக் கட்டினால், பௌர்ணமியில் அவிழ்க்கும் வரை விரதம். யார் மேலும் கை ஓங்கக் கூடாது. அந்த நாட்களில் உன் அப்பா வாய்க்கு வந்தபடி ஏசினார். நீ கைகட்டி நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னோடு சிரித்துப் பேசினாய். எந்த வருஷமும் காப்புக் கட்டிய நாளில் நீ என்னை அடித்ததில்லை. மாசி எப்போது வரும் என்று நான் ஏங்கியது கூத்துக்காக இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. காப்பு அவிழ்த்த மறுநாள் அடித்தாய். கேட்டேன்.

"நேத்து வரைக்கும் இது யாரு கையா இருந்துச்சு?"

நீ எழுந்து மஞ்சள் அரைக்கப் போனாய்.

அடுத்த நாள் வகுப்பில், கணக்கைத் தப்பாகப் போட்ட ஒரு சின்னப் பெண்ணிடம் பிரம்பை ஓங்கினேன். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டாள். நான் உன் முன்னால் சுருள்வதும் அப்படித்தான். எனக்கு யாரும் காப்புக் கட்டவில்லை, இருந்தும் ஓங்கிய கையை இறக்கினேன். பிரம்பை அடுப்பில் வைத்தேன். அந்த வாரமே இடமாற்றம் கேட்டு எழுதினேன், கிடைத்ததும் உன்னை விட்டுவிட்டுப் பதுளைக்கு வந்தேன். நேசம் குறைந்து வரவில்லை. இனி அடி வாங்கமாட்டேன் என்றுதான் வந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து நீ ஆஸ்பத்திரிக்கென்று பதுளைக்கு வந்தாய். உன்னைக் கொண்டுபோன அந்த இருமல் அப்போதே இருந்தது. என் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டாய்.

"கத எழுதுறியாமே. என்னய பத்தியா?"

"ஆமா."

"அடிச்சதுமா?"

"அடிச்சதும்தான்."

கோப்பையைக் கீழே வைத்தாய். "அப்ப எங்கப்பன் என்னய அடிச்சதையும் எழுது. ஆனா அதச் சொல்லி என்னய தப்பிக்க விட்டுறாத."

நீ காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருந்தாலும் என் மனசு அவ்வளவு நிறைந்திருக்காது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்வானேன்? கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவர், நம்மைப் போன்றவர்தான், படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாஸ்டர், அந்த அடி வாற இடத்தை எடுத்துவிடுங்கோ. ஏற்கெனவே எங்களைப் பற்றிச் சனங்கள் என்னவெல்லாம் கதைக்கினம்." அவருடைய பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டியை அடிக்கும் கதைகள் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுக் கல்யாணமே கூடாது என்று யாரும் கிளம்புவதில்லையே! நாம் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? ஒளித்தால், எங்கோ ஒரு வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் இது தனக்கு மட்டும் நடப்பதாக அல்லவா நினைப்பான்? தோட்டமே கூடி நின்று நம்மைச் சேர்த்து வைத்தது. காகிதத்தில் வந்தால் மட்டும் கூச்சமாம்.

கதையை வேறு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்களும் திருப்பினால் இன்னொன்றுக்கு. இந்தத் தடவை புனைபெயர் கிடையாது, என் சொந்தப் பெயர். மத்தியானம் உட்கார்ந்து முழுவதையும் புதிதாகப் படியெடுத்தேன். நீ என்னை முதல் தடவை அடிக்கும் பக்கம் வந்தபோது உன் ஞாபகம் தாங்கமுடியாமல் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.