முக்காலியில் ஆறிய காபி

அண்ணாச்சி,

சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜ் படிக்கட்டில் பாசி பிடிக்கிறதென்று இன்று காலை பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அடுப்படிச் சன்னலைச் சாத்தினேன். குற்றாலத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு எண்ணெய் வாசம் நினைவிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு நமக்கு மிஞ்சியது இந்த வாடைதான்.

அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சுக்குக் காபி போடுவேன். நீங்கள் மாடிக்குக் கொண்டுபோவீர்கள். டம்ளரை மேசையில் வைக்கவே மாட்டீர்கள். கையில் கொடுத்து, அவர்கள் விரல் இறுகிய பிறகுதான் உங்கள் விரலை எடுப்பீர்கள். "வெறச்ச கை நழுவ விட்டுரும்ட்டி. பிடிச்சிட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் விடணும்" என்பீர்கள். அதில் உங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கொரோனா வந்தது. அருவியை அடைத்தார்கள். நம் லாட்ஜைத் தனிமைப்படுத்தும் முகாமாக்கினார்கள். அறைக்கு அறை வாசலில் ஒரு முக்காலி. சாப்பாட்டை அதில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, வராந்தாக் கோடிக்கு ஓடிவிட வேண்டும். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நீங்களும் நானும்தான் நின்றோம். டாக்டர்களுக்குக் கைதட்டினார்கள், தட்டட்டும். எச்சில் தட்டு எடுத்தவர்கள் யாருக்கு ஞாபகம்? என்னை வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். தென்காசியில் உங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் பேப்பர் கப்பைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். "நாய்க்குக்கூட கூப்பிட்டுப் போடுதான். எனக்கு வச்சிட்டு ஓடுதான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பெற்ற மகளே பேரனைச் சன்னல் வழியாகத்தான் காட்டினாள். அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு அருவி திறந்தது, கூட்டம் வந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் மறந்தார்கள். உங்கள் கை மட்டும் மறக்கவில்லை. மாடி அறையில் கட்டிப் போட்டிருந்த முக்காலிகளில் ஒன்றை நீங்களே தேடி எடுத்து வந்தீர்கள். காபியை அதில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, கோடியில் போய் நின்றீர்கள். காபி ஆறிப்போச்சு என்று ஒருவர் சத்தம் போட்டார். முதலாளி கூப்பிட்டு, "கையில குடுக்கதுக்கு என்னவே கஷ்டம்?" என்றார்.

"கை நீள மாட்டேங்குது மொதலாளி. நம்மகிட்டருந்து அவங்களுக்கு எதும் ஒட்டிட்டுன்னா?"

உங்களைப் பின்கட்டில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். டாக்டரிடம் போவோம் என்று நான் கூப்பிட்டேன். "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று என் மேல் எரிந்து விழுந்தீர்கள்.

அந்த மோட்டார் அறையிலேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தீர்கள். வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். டீக்கடைக்காரர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதலாளி மாலை போட்டுக் கன்னத்தைத் தடவினார். உயிரோடிருந்தபோது நீளாத கைகள் அத்தனையும் அன்றைக்கு நீண்டன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை.

இப்போது மாடிக்குக் காபி கொண்டுபோவது நான்தான். "அங்கே வச்சிட்டுப் போம்மா" என்கிறார்கள், போனைப் பார்த்தபடியே. நான் வைப்பதில்லை. "கையில வாங்கிக்கோங்க" என்று நிற்கிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அவர்கள் விரல் இறுகும்வரை டம்ளரை நான் விடுவதில்லை, அண்ணாச்சி.