சமோரா போகிறானா, இருக்கிறானா

நவம்பர் 6

பேஸ்பால் சீசன் முடிந்தால் வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்று வருஷா வருஷம் நம்புகிறேன். வருஷா வருஷம் ஏமாறுகிறேன். ஆட்டம் நடக்கிற மாதங்களே தேவலை. மூன்று மணி நேரம் கத்திவிட்டு என் புருஷன் வெண்டல் படுத்துவிடுவான். ஆட்டமில்லாத மாதங்களில் கத்தலுக்கு முடிவே கிடையாது.

இந்த வருஷம் எல்லாமே சமோரா. எவெலியோ சமோரா, எங்கள் மில்வாக்கி அணியின் முதல் பந்துவீச்சாளன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி யார் கூப்பிட்டாலும் போகலாம். போவானா, இருப்பானா? காலையில் காபி ஆறும்வரை இதுதான்.

"லொரெய்ன், நியூயார்க்காரங்க பேசிட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"சொல்றாங்க."

யார் இந்த 'சொல்றாங்க'? கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 11

காலையில் நியூயார்க். மதியம் டெக்சாஸ். சாயங்காலத்துக்குள் சியாட்டில். அந்த ஆளுக்கே தலை சுற்றும்.

நவம்பர் 15

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வழக்கமான மதுக்கடைக்குப் போனோம். டூயேன் ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தான். அவனும் வெண்டலும் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர்கள். நாள் முழுக்க லாரியில் விளையாட்டு வானொலி, மிச்ச நேரம் கைபேசி. இவர்களால் எந்தத் தெருவிலாவது பனி குறைகிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

டூயேன் கைபேசியில் ஒரு புள்ளியைக் காட்டினான். தனியார் விமானமாம்.

"பாருங்கடா, சிகாகோவுலேர்ந்து கிளம்புது. உள்ள சமோராதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வேற யாரு இருப்பா?"

அரை மணி நேரம், பக்கத்து மேசை ஆட்களும் சேர்ந்து, நான்கு தலைகள் அந்தப் புள்ளிமேல் கவிழ்ந்திருந்தன. கடைசியில் அது அயோவாவில் இறங்கியது. அயோவாவில் பெரிய அணியே கிடையாது.

"நம்மள ஏமாத்தத்தான் அங்க எறங்கியிருக்கான்" என்றான் டூயேன். என் புருஷன் தலையாட்டினான். ஆமாம், யோசித்துத் தலையாட்டினான்!

நவம்பர் 20

இதை இங்கே எழுதலாமா? இந்த நோட்டை வெண்டல் தொடமாட்டான், இதில் ஸ்கோர் எதுவும் இல்லை. எழுதாமல் என்னால் வைத்துக்கொள்ளவும் முடியாது.

சமோராவின் மனைவி மரிசோல் இன்று நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். அவர்கள் மகள் நயேலி எங்கள் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு. கதவைச் சாத்தலாமா என்று கேட்டாள். சாத்தினேன்.

குழந்தைக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறதாம். இருக்கிறதும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். செயின்ட் லூயிஸில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நல்ல பள்ளி ஒன்று இருக்கிறது. ஜனவரியில் சேர்க்கவேண்டும். படிப்புச் சான்றுகள் கேட்டு வந்திருக்கிறாள்.

"அவரும் அங்கயே போகத்தான் பாக்கறாரு மேடம். இன்னும் முடிவாகல. யாருக்கும் தெரியக்கூடாது. என் பொண்ணோட காதப் பத்தி ரேடியோவுல நாலு பேரு பேசறதக் கேட்க என்னால முடியாது."

"என் வாயிலேர்ந்து ஒரு சொல் வராது" என்றேன்.

செயின்ட் லூயிஸ். எங்கள் ஆட்களுக்குப் பிசாசைவிடப் பிடிக்காத அணி அது.

நவம்பர் 28

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து. வான்கோழி வெட்டும்போதும் சமோரா. பூசணிப் பை சாப்பிடும்போதும் சமோரா. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சும்மா இருந்தேன். தெரிந்தும் சும்மா இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

டிசம்பர் 3

பள்ளித் துப்புரவாளர் ஆஸ்கரின் வானொலி வராந்தாவில் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நேயர்: "சமோராவுக்கு இந்த ஊரு என்ன குறை வெச்சுது? பணப்பேய் புடிச்சு ஆட்டுது அவன!"

"உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இருக்கே மேடம்" என்றார் ஆஸ்கர்.

மாதிரி என்ன மாதிரி! அவனேதான். பத்தடி தள்ளி நயேலி குடிநீர்க் குழாயில் வாய் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். நினைத்ததுமே வெட்கமாகிவிட்டது. இதற்கா சந்தோஷப்படுவது?

டிசம்பர் 6

சண்டை.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான். "சமோரா பொண்ணு உன் ஸ்கூல்தானே? டி.சி. கிடிசி ஏதாவது வாங்கினாங்களா?"

டூயேன் தூண்டிவிட்டிருக்கிறான். வெண்டலுக்குத் தானாக இது தோன்றாது.

"பள்ளிக்கூட விஷயம் இந்த மேசைக்கு வராது."

"சும்மா ஒரு தலையாட்டு போதும். பணத்துக்காக ஓடப்போறவனுக்கு நீ ஏன் காவல் இருக்க?"

இரண்டு வாரமாக அடக்கி வைத்தது அப்படியே பொங்கிவிட்டது. "அவன் எதுக்காகப் போறான்னு உனக்கு என்ன தெரியும்?"

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப போறான்."

"நான் அப்படிச் சொல்லல."

"போறான்னு சொன்னியே இப்ப!"

அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வெளியே மூச்சு விடாதே, என் வேலை போய்விடும் என்றேன். சரி என்றான். சரி என்றுதான் சொன்னான்.

டிசம்பர் 9

காலை ஏழரைக்கு வானொலியில்: "சமோரா போகிறார் என்று அவர் மகள் படிக்கும் பள்ளி வட்டாரத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள்..."

அந்த 'சொல்றாங்க' நான்தான்.

எட்டு மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் கேமராக்கள். சமோரா ஜெர்சி போட்ட ஏழெட்டு ஆண்கள், வேலைவெட்டி இல்லையா இவர்களுக்கு? மரிசோலும் நயேலியும் காரிலிருந்து இறங்கியதும் ஒருவன், "அப்பா எங்க போறாரு பாப்பா?" என்று கத்தினான். நயேலிக்கு அது புரியவில்லை. தன்னைச் சுற்றி ஏன் இத்தனை வாய்கள் அசைகின்றன என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் கீழே இழுத்துக் காதில் இருந்த கருவிகளை மூடிக்கொண்டாள்.

நான் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். மரிசோலும் அங்கேதான் இருந்தாள். "என் வாயிலேர்ந்துதான் போச்சு" என்றேன். எப்படிப் போனது என்றும் சொன்னேன். சாக்கு சொல்லவில்லை.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள் மரிசோல். அவ்வளவுதான். கோபப்பட்டிருக்கலாம், நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜனவரி வரை வேலைக்கு வரவேண்டாம் என்று உத்தரவு. நியாயம்தான்.

வெண்டலிடம் சொன்னேன். "டூயேன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் லொரீ."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

டிசம்பர் 12

செயின்ட் லூயிஸ்தான். கையெழுத்தாகிவிட்டது.

மதுக்கடை வாசலில் ஜெர்சிகளை எரிக்கிறார்களாம். டூயேன் படம் அனுப்பியிருக்கிறான், நெருப்புக்கு முன்னால் பீரும் கையுமாக. பனி தள்ள ஆள் இல்லை, ஜெர்சி எரிக்க ஆள் இருக்கிறது.

வெண்டல் போகவில்லை. செய்தியை இரண்டு முறை படித்தான். "நம்ம அணி இதவிட ரெண்டு வருஷம் கூடத் தர்றதா சொல்லியிருக்கு. பணமும் கூட. கொறஞ்சதுக்கு ஏன் போனான்?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுமுனையைப் பிடித்துப் போர்வையை மடிக்க உதவினான்.

டிசம்பர் 18

இன்று மறுபடியும் வானொலிக்குப் போன் போட்டிருக்கிறான்! சமையலறையில் கேட்டதும் கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டு அணைக்க ஓடினேன்.

"போன வாரம் பணப்பேய்னு சொன்னவன் நான்தான். கொறஞ்ச பணத்துக்குப் போயிருக்கான், அப்ப நான் சொன்னது தப்பு. பள்ளிக்கூடச் சேதியப் பரப்புனதும் நான்தான். அந்தக் கொழந்தைய விட்டுடுங்க."

தொகுப்பாளர் சிரித்தார். "அப்ப எதுக்குத்தான் போனாரு? உங்க கணிப்பு என்ன?"

"கணிப்பு எதுவும் இல்லங்க" என்று வைத்துவிட்டான்.

போன வாரம் இல்லை, இரண்டு வாரம் ஆகிறது. இந்த மனுஷனுக்குத் தேதிகூடச் சரியாக வராது.

டிசம்பர் 20

மீன் வறுவலுக்குப் போனோம். டூயேன் எங்களுக்கு இடம் போட்டு வைக்கவில்லை. "துரோகிக்கு வக்காலத்து வாங்குறவனோட என்னடா சாப்பாடு" என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னான். வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டோம். மீன் நமுத்துப் போயிருந்தது. வெண்டல் எல்லாவற்றையும் தின்றான்.

ஜனவரி 6

வேலைக்குத் திரும்பினேன். நயேலியின் கோப்பை நானே உறையில் போட்டு ஒட்டினேன். வாங்க மரிசோல் வந்திருந்தாள். மன்னிப்பு கேட்க நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், உறையை நீட்டத்தான் முடிந்தது.

"மத்தத நீங்க சொல்லல. அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"சொல்லமாட்டேன்."

உறையை வாங்கிக்கொண்டு போனாள். மன்னித்தாளா? தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஏப்ரல் 12

செயின்ட் லூயிஸ் அணி ஊருக்கு வந்தது. சமோராதான் பந்துவீசினான். போகவேண்டாம் என்றேன். வெண்டல் ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்தான்.

சமோரா பந்துவீசும் மேட்டில் ஏறியதும் அரங்கமே ஊளையிட்டது. காது அடைத்துப் போனது. பின் வரிசையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். அதில் நயேலியையும் இழுத்தான். வெண்டல் திரும்பி, "கொழந்தைய விடுப்பா" என்றான்.

பந்தைக் கையில் வாங்குவதற்கு முன் சமோரா ஒரு கணம் பக்கவாட்டு இருக்கைகளைப் பார்த்து விரல்களால் ஏதோ காட்டினான். சின்னதாக, மார்புக்கு நேரே. நான் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். வெண்டல் பார்த்துவிட்டான். அவன் பார்வை அந்த இருக்கைகளுக்குப் போனது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை ஊளைக்கும் நடுவே அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெண்டல் வெகுநேரம் அவளையே பார்த்தான். பிறகு என்னை. நான் மைதானத்தைப் பார்த்தேன்.

பின் வரிசைக்காரன் அவன் தோளைத் தட்டினான். "பாத்தியா? கையால ஏதோ காட்டுறான். நம்மளத்தானே திட்டுறான்? என்ன சொல்றான், சொல்லு?"

எல்லாவற்றுக்கும் ஒரு சேதி வைத்திருக்கிற என் புருஷன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றான்.